பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: “எஞ்சின் ஒரிஜினல், சேஸிஸ் ஒரிஜினல், சீட்டை மட்டும் புதுசா மாத்திட்டேன்.” சொல்பவர் பெருமையோடு சொல்வார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், பிரேக் லைனிங் தேய்ந்தால் மாற்றுகிறோம், சீட்டும் அந்த வகைதானே என்பது இந்தப் பெருமைக்கு அடியில் இருக்கும் எண்ணம். எங்கள் தென்காசிச் சீமையில் எந்தக் குஷன் கடைக்குப் போனாலும் அதே பேச்சுத்தான். “அண்ணாச்சி, இந்தக் குப்பையை எல்லாம் உருவிப் போட்டுட்டு நல்ல ஃபோம் வச்சு, மேல ஃபர்ஸ்ட் குவாலிட்டி ரெக்ஸின் போட்டுருவோம். சோபா மாதிரி இருக்கும்.”

அந்தக் ‘குப்பை’க்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை தேய்மானப் பொருள் என்ற கருத்து அடியோடு தவறு. இந்தக் கருத்தை நம்பி நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நாம் இழந்தது கொஞ்சமல்ல.

அரசாங்கமும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமை வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் பெறலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் நடந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த மாற்றங்களைச் சொல்லும்போது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகிய மூன்றையும் வரையறை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருக்கையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆகவே உள்ளே இருந்த அத்தனையையும் உரித்தெறிந்துவிட்டு வந்து நிற்கும் கார்கூட ‘மூல வடிவில் உள்ளது’ என்று சான்று வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது.

முதலில் அந்த டயர் வாதத்தை எடுத்துக்கொள்வோம். டயர், மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் அளவு பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதே அளவில் யார் செய்தாலும் பொருந்தும். பிரேக் லைனிங்கும் அப்படியே. இருக்கையின் கதை வேறு. 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்ற இரண்டு பேர் கார் சுமார் 10,000 மட்டுமே வெளிவந்தது. அதன் ஸ்டியரிங் வட்டம் பெரியது, ஓட்டுபவரின் மார்புக்கு நெருக்கமானது. கண்ணாடி குட்டையானது. அந்த வட்டத்துக்கும் அந்தக் கண்ணாடிக்கும் கணக்குப் பார்த்துத்தான் சீட்டின் உயரம் வைக்கப்பட்டது. இரண்டு அங்குலம் கூடுதலாக ஃபோம் அடைத்துப் பாருங்கள். தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும், கண் கண்ணாடியின் மேல்விளிம்புச் சட்டத்துக்கு நேராக வந்து நிற்கும். திருப்பத்தில் வண்டி சறுக்கத் தொடங்குவதை முதலில் உணர்வது ஓட்டுபவரின் இடுப்பு. கையும் கண்ணும் அதற்குப் பிறகுதான். மெத்தென்ற புதுச் சீட்டு அந்தச் செய்தியை வழியிலேயே விழுங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்றை ஆசைப்பட்டு வைத்துக்கொண்டு, அது நம்மோடு முதலில் பேசும் இடத்தை அடைத்துவிடுவதில் என்ன பெருமை?

உள்ளே இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தவர்கள் அதைக் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்து நல்ல சீட்டு ஒன்றை மேலிருந்து கீழே பிரித்தால் முதலில் தோல் அல்லது ரெக்ஸின். அதன் கீழே பட்டை பட்டையாகத் தைத்த வரிகளுக்குள் பஞ்சு. அடுத்து சாக்குத்துணி. அடுத்து குதிரைமுடி, தென்னை நார், அல்லது இரண்டும் கலந்த மெத்தை. அதற்கும் கீழே சுருள் ஸ்பிரிங், இல்லையென்றால் ரப்பர் பட்டைகள். எல்லாவற்றையும் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம். ஃபோல்க்ஸ்வாகன் பீட்டிலிலும், மெர்சிடஸ் கார்களிலும் பல்லாண்டுகள் வந்தது இந்த நார் மெத்தைதான். தும்பை முறுக்கிச் சுருளாக்கி, பிரித்துப் பரப்பி, ரப்பர் பால் தெளித்து, அச்சில் அழுத்திச் சூட்டில் பதப்படுத்துவார்கள். இழைக்கு இழை ஒட்டி நிற்கும், ஆனால் நடுவே காற்று போய்வரும். வியர்வை தங்காது. தென்னை நாரில் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. அழுத்தத்தில் படிந்துபோன நார் மெத்தையை நீராவி காட்டிக் கொஞ்சம் எழுப்பக்கூட முடியும்.

ஜெர்மன் காரின் சீட்டுக்குள் இருப்பது தென்னை நார் என்றதும் ஆச்சரியப்படும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். ராயகிரியிலோ சிவகிரியிலோ வாசுதேவநல்லூரிலோ இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதற்கு? மலையடிவாரத் தோப்புகளில் மட்டை குவிந்து கிடக்கிறது. ரப்பர் பால் குமரி மாவட்டத் தோட்டங்களில் வடிகிறது. உலகத்தில் தென்னை நார் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் போகிறது. அப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு நார் மெத்தையை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்குப் பதில் ஃபோம் வாங்கி அடைப்பதை முன்னேற்றம் என்கிறோம்.

அந்த ஃபோமின் ஆயுள் என்ன? பாலியூரிதேன் நுரை ஈரத்தாலும் காற்றாலும் வெளிச்சத்தாலும் மெல்ல மெல்லச் சிதையும். ஒரு வகை ஈரத்தில் உடையும், இன்னொரு வகை வெளிச்சத்திலும் ஆக்சிஜனிலும் உடையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு மஞ்சள் பொடியாக உதிரும். எழுபதுகளில், எண்பதுகளில் ‘புதுசாக’ மாற்றிய சீட்டுகளை இன்று பிரித்தால் மாவு கொட்டுவதை எந்தக் குஷன் தொழிலாளியும் சொல்வார். பொடியாகும்வரை அது சும்மாவும் இருப்பதில்லை. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு சட்டத்தின் இரும்போடு ஒட்டிக் கிடக்கிறது. துரு அங்கிருந்துதான் தொடங்கும். நாட்பட உழைக்கும் என்று சொல்லிப் போட்ட சரக்கு, எதற்குப் பதிலாக வந்ததோ அந்தச் சரக்கைவிட முன்னதாகவே செத்துப்போகிறது. நம் ஊர் வெயிலுக்குப் பழைய சரக்கு தாங்காது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சுகம் என்ற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள விரும்பவில்லை. அதில் உண்மை இருக்கிறது. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் சீட்டுகள் மெலிந்தவை, நீண்ட பயணத்தில் முதுகை வாட்டுபவை. 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சினோடு வந்தபோது ஜாகுவாரே சீட்டை மாற்றி வடிவமைத்தது. செய்தவர்களே ஒப்புக்கொண்ட குறை. அப்படியானால் 1961 காரில் 1964-இன் சீட்டைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். போட்டுக்கொள்ளட்டும், நெடும்பயணத்துக்கு மட்டும். மூலச் சீட்டைத் துடைத்து, காற்றோட்டமான அறையில், எலி அண்டாமல் வைத்திருக்கட்டும். நான்கு போல்ட்டைக் கழற்றினால் பழையது திரும்ப வந்து உட்கார வேண்டும். என் சண்டை வேறொரு சீட்டைப் போடுவதோடு இல்லை. திரும்பி வர வழியில்லாமல் அழிப்பதோடுதான். பாதுகாப்புக்கும் இதையே சொல்வேன். இடுப்புப் பட்டையை சேஸிஸிலோ பாடியின் வலுவான இடத்திலோ பொருத்தலாம். அதற்காக சீட்டைக் கிழிக்க வேண்டிய அவசியம் எங்கும் கிடையாது.

ஆனால் சுகத்தின் பேரில் நடக்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் சுகத்துக்காக நடப்பதில்லை. பகட்டுக்காக நடக்கின்றன. ‘ஃபுல் லெதர்’ என்ற பைத்தியத்தைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் உடம்பு படும் முகப்பில் மட்டும்தான் தோல். பக்கங்களிலும் பின்புறத்திலும் ரெக்ஸின் வகைத் துணி. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான் அது, ஆனால் அதுதான் அந்தக் காரின் உண்மை. இன்று அந்தக் கார்களை முழுக்க முழுக்கத் தோலால் போர்த்தி, பொன்னிற நூலில் வைரக்கட்டம் போட்டுத் தைத்து, ‘மீட்டெடுத்தேன்’ என்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒருநாளும் அப்படி வெளியே வராத ஒன்றை எங்கிருந்து மீட்டார்கள்?

இதற்கு உலகம் கொடுத்த விலைக்கு நல்ல உதாரணம் மெர்சிடஸ் 300 எஸ்.எல். இறக்கைபோல மேலே திறக்கும் கதவுகள் உள்ள அந்தக் கார், 1954-இலிருந்து 1,400 மட்டுமே செய்யப்பட்டது. அதில் வழக்கமாக வந்தது கட்டம் போட்ட துணிச் சீட்டு. தோல், கூடுதல் பணம் கொடுத்தால். பிற்காலத்தில் கைமாறிய கார்களில் பலர் அந்தத் துணியைக் கிழித்துவிட்டுத் தோல் போட்டார்கள். இன்று அந்தக் கட்டத்துணியை நெய்யவைத்துத் தேடி வாங்குகிறார்கள். மூலத்துணி மிஞ்சிய காரைச் சேகரிப்பவர்கள் தனிக் கண்ணோடு பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, மீட்டெடுக்காமல் அப்படியே காப்பாற்றிய கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வெடித்த தோலோடும் மங்கிய வண்ணத்தோடும் அங்கே கார்கள் பரிசு வாங்குகின்றன. புதுச் சீட்டு போட்டால் விலை ஏறும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை.

கல்லில் இருக்கும் உளித் தடத்தை மணல் வீச்சு அழித்துவிடும் என்று கோயில் திருப்பணிகளில் நாம் சண்டை போட்டோம். சுத்தமாக, புதிதாக, பளிச்சென்று ஆக்குவது வேறு, காப்பாற்றுவது வேறு என்று அங்கே நமக்குப் புரிந்தது. காருக்கும் அதே அறம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடங்களுக்கு 1964-இல் வெனிஸ் சாசனம் வந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, பழமை வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2013-இல் டூரின் சாசனத்தை உறுதி செய்தது. முதலில் பாதுகாப்பு, முடியாத இடத்தில் மட்டும் மீட்டெடுப்பு என்பது அதன் போக்கு. புதிதாகச் சேர்த்த பாகங்கள் புதியவை என்று தெரியும்படி குறித்து வைக்கவும் அது கேட்கிறது. எஞ்சினுக்கு ஒரு நியாயம், இருக்கைக்கு ஒரு நியாயம் என்று அது பிரிக்கவில்லை.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் வாதம்: “இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும், நம்ம ஊரில் இதற்குக் கைவேலை ஏது? லண்டனிலிருந்து கிட் வரவழைத்து மாட்டுவதுதான் வழி.”

கைவேலை இல்லையா? கரூரில் பஸ் பாடி கட்டும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. பஸ் சீட்டுக்கு நார் அடைத்துத் தைத்த கைகள் இந்த மாநிலம் முழுக்க இருந்தன, இன்னும் இருக்கின்றன. ராயகிரி மாதிரி ஊர்களில் டிராக்டர் சீட்டும் ஜீப் சீட்டும் தைக்கிறவரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். அதற்கு முன்பும் இந்த மண்ணுக்குத் தோலைப் பழுது பார்க்கத் தெரியும். மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில், கிணற்று நீரை அள்ளும் கூனையின் தோல் வால் கிழிந்தால் யாரும் கூனையையே கிணற்றடியில் வீசிவிட்டுப் போகவில்லை. தைத்து, எண்ணெய் காட்டி, மறுபடி கட்டி இறைத்தார்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடும் தொழிலும் நம்முடையது. அந்த முறையில் பதனிட்ட ஈ.ஐ. தோல் என்ற தமிழ்நாட்டுச் சரக்கு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இலிருந்து இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகள் உலகத்துக்குத் தோல் அனுப்புகின்றன. பிரிட்டிஷ் கார்களுக்குத் தோல் கொடுத்த லண்டன் கானலி நிறுவனம் 1878-இல் தொடங்கி 2002-இல் பழைய தொழிலை மூடியது. நாம் இன்னும் மூடவில்லை. இல்லாதது கைவேலை அல்ல, அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்.

கேட்பவருக்கும் தைப்பவருக்கும் வேலை இன்னதென்று தெரிந்தால் போதும். சீட்டை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே படம் எடுத்துவிட வேண்டும்: ரன்னர் எந்தத் துளையில் நிற்கிறது, அடியில் ஏதாவது தகடு வைத்திருக்கிறதா, போல்ட் எந்த நீளம் என்பது உட்பட. உறையைப் பிடித்திருக்கும் ரிங்குகளை ஒவ்வொன்றாக பிளையரால் திறக்க வேண்டும். கத்தியால் கிழித்து இழுக்கக் கூடாது. தையலைப் பிரிக்க வேண்டி வந்தால் பிளேடு நூலைத்தான் தொட வேண்டும், தோலைத் தொடக் கூடாது. பிரிக்கும் முன் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், பைப்பிங் எவ்வளவு தடிமன், வரிகள் எந்த அகலம் என்று எழுதி வைக்க வேண்டும். தோல் கிழிந்த இடத்தில் பின்பக்கமாக மெல்லிய தோல் துண்டோ கேன்வாஸோ செருகி, நெகிழ்வான பசையால் ஒட்டி, விளிம்புகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த உட்துண்டுக்கு ஆவாரம்பட்டைத் தோலைவிட நல்ல சரக்கு எனக்குத் தெரியவில்லை. பிறகு மென்மையான சோப்பு, ஈரத்துணி, தோலுக்கென்று உள்ள கொழுப்புக் களிம்பு. தயவுசெய்து தேங்காயெண்ணெய் வேண்டாம். அது தோலுக்குள் இறங்கிச் சிக்குப் பிடிக்கும், தூசியை இழுக்கும், மழைக்காலத்தில் பூசணம் பூக்கும்.

சட்டத்தில் துருவை எடுத்து, பிரைமர் அடித்து, வண்ணம் பூசலாம். நார் மெத்தையில் எலி கடித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே அடர்த்தியில் புது நார் வைத்துப் பொருத்தலாம். மக்கிய சாக்கை மாற்றியே ஆக வேண்டும். இற்றுப்போன பருத்தி நூலுக்குப் பதில் அதே தடிமனில் பாலியஸ்டர் நூல் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. அது பழைய துளைகள் வழியாகவே போக வேண்டும், புதுத் துளை கூடாது. எம்.ஜி.பி. மாதிரி கார்களில் சீட்டுக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வரும். அவை தளர்ந்தால் மாற்ற வேண்டியவைதான். இவையெல்லாம் உண்மையிலேயே தேய்மானப் பொருட்கள். சீட்டுக்குள் தேய்மானப் பொருட்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அதை வைத்து முழுச் சீட்டையும் அந்தக் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன். ரெக்ஸின் உறையைத் திரும்ப மாட்டும்போது அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் இளகி, சட்டத்தின் மேல் சுருக்கமில்லாமல் உட்காரும். வெளிநாட்டில் இதற்குச் சூடேற்றும் கருவி வாங்குகிறார்கள். ராயகிரி வெயிலில் அந்தச் செலவும் மிச்சம்.

லண்டன் கிட் என்பது இருப்பதிலேயே பலவீனமான பதில். ஏன் என்பதற்குச் சென்னையில் செய்த ஒரு காரே சாட்சி. ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961-இலிருந்து ஹெரால்டை இங்கே தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த கார் அது. அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ஃப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபையர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. ஸ்பிட்ஃபையர் இங்கே தயாராகவில்லை. அதன் அண்ணனான ஹெரால்டைத்தான் நம்மவர்கள் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயத்துக்கு விரட்டினார்கள். நம் பந்தய வரலாற்றைப் பொறுத்தவரை அதுவே நம் ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்ட் மார்க் 3, உலகில் இங்கே மட்டும் செய்யப்பட்டது. 1972-இல் வந்த கஸலும் அப்படியே. பிரிட்டனில் ஹெரால்டுக்கு நான்கு கதவு கிடையாது. ஆகவே நம் நான்கு கதவு கார்களின் உள் அலங்காரத்துக்கு லண்டனில் அச்சு கிடையாது, வெட்டுப் படிவம் கிடையாது, கிட்டும் கிடையாது. அந்தக் கார்களின் சீட்டு எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிஞ்சியுள்ள சான்று, அந்தச் சீட்டுகளே. சென்னை ரெக்ஸின், சென்னைத் தையல். ஒவ்வொரு முறை ஒரு ஹெரால்ட் குஷன் கடைக்குப் போய் சோபாவாகத் திரும்பி வரும்போதும் அந்தச் சான்றில் ஒன்று குறைகிறது. 1988-இல் நிறுவனமே மூடிப்போன பிறகு, அதைத் திரும்ப எழுதித் தர யாரும் இல்லை.

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை வடபழனியில், பழைய கார்களும் நிற்கும் ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் போகும் மக்கள் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைப் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது சீட்டை. காரை வைத்துக் காட்டும் எந்த இடத்திலும், ‘இந்தச் சீட்டு மூலமானது’ அல்லது ‘இன்ன ஆண்டில் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பதிவு விதிகளில் சேஸிஸ், பாடி, எஞ்சினோடு இருக்கையையும் சேர்த்து, விண்ணப்பத்தோடு உட்புறப் படங்களையும் கேட்க வேண்டும். வீட்டில் ஹெரால்டோ எம்.ஜி.யோ வைத்திருப்பவர்கள் நாளைக்கே குஷன் கடைக்குப் போவதாக இருந்தால், கழற்றிய உறையையும் மெத்தையையும் கடைக்காரரிடம் விட்டுவராமல் ஒரு துணிப்பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அது எத்தனை கிழிந்திருந்தாலும் சரி. அதே அளவில், அதே தையலில் மறுபடி தைக்க ஒருவர் வரும்போது அவர் கையில் கொடுக்க அதுதான் இருக்கும்.